வெளிநாட்டுப் பல்கலைக்கழக நூலகம்: வட சென்னையிலிருந்து போகிறவர்களுக்கு ஒரு வழிகாட்டி

திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வியாசர்பாடி, பெரம்பூர், கொளத்தூர் என்று நம் பக்கத்திலிருந்து மேல்படிப்புக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளுக்கு எல்லாவற்றுக்கும் யோசனை சொல்ல ஆள் இருக்கிறது. விசாவுக்கு ஒருவர், வங்கிக் கடனுக்கு ஒருவர், பெட்டியில் எத்தனை கிலோ பருப்புப்பொடி போகும் என்பதற்கு அம்மா. நூலகத்தைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. போய்ச் சேர்ந்து முதல் அசைன்மென்ட் வரும்போதுதான், ‘அண்ணா, இந்த புக் இருக்குன்னு காட்டுது, ஆனா ஷெல்ஃப்ல இல்ல, என்ன பண்றது?’ என்று வாட்ஸ்அப்பில் கேள்வி வருகிறது.

நான் வட சென்னையில் ஒரு கல்லூரி நூலகத்தில் வேலை பார்ப்பவன். இப்படி வரும் கேள்விகளைப் பார்த்தால் ஒன்று தெரிகிறது. பாடப்புத்தகத்து ஆங்கிலம் இவர்களுக்குப் பெரிய தடையாக இல்லை. ஐஇஎல்டிஎஸ் எழுதித் தேறியவர்கள்தானே. தடுமாறுவது இரண்டு இடங்களில். ஒன்று, நூலகத்துக்கே உரிய நாற்பது ஐம்பது சொற்கள். இன்னொன்று, கவுன்ட்டரில் நிற்கும் அந்த இரண்டு நிமிடம். இரண்டையுமே இங்கிருந்தபடி பெருமளவு பழகிக்கொள்ளலாம்.

அதற்கு முன் ஒரு தகவல். ஆங்கிலம் சரியாக வராததால்தான் நூலகத்தைக் கண்டு பயம் என்று நினைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். கான்ஸ்டன்ஸ் மெல்லன் என்ற அமெரிக்க ஆய்வாளர் 1986இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்க மாணவர்கள் முதன்முதலில் பல்கலைக்கழக நூலகத்தில் ஆய்வுக்கு இறங்கியபோது எழுதிய குறிப்புகளைப் படித்துப் பார்த்ததில், ஒவ்வொரு வகுப்பிலும் 75 முதல் 85 விழுக்காட்டினர் பயம், கலக்கம் என்ற சொற்களிலேயே அனுபவத்தைச் சொல்லியிருந்தார்கள். மற்றவர்களுக்கெல்லாம் தெரிகிறது, தனக்கு மட்டும் தெரியவில்லை; கேட்டால் தெரியாதது வெளியே வந்துவிடும் என்பதுதான் அவர்கள் எண்ணம். பக்கத்து மேசையில் மடிக்கணினியைத் தட்டிக்கொண்டிருக்கும் அந்த ஊர்ப் பிள்ளைக்கும் உள்ளுக்குள் உதறல் இருக்கலாம்.

படி 1: கிளம்புமுன் அலமாரியைப் பழகுங்கள்

இங்குள்ள கல்லூரி நூலகங்களில் பெரும்பாலும் ட்யூயி தசமப் பகுப்பு முறைதான். 1876இல் மெல்வில் ட்யூயி என்ற அமெரிக்கர் வெளியிட்டது. பிரிட்டன், அயர்லாந்து, ஆஸ்திரேலியாவிலும் ஏராளமான பல்கலைக்கழகங்களில் இதே முறை. ஆகவே உங்கள் கல்லூரி நூலகத்தில் புத்தக முதுகில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால், கடல் தாண்டியும் அது செல்லும்.

பலரும் தவறுவது தசமத்தில். 621.381, 621.39, 621.4 என்பதுதான் சரியான வரிசை. புள்ளிக்குப் பிறகு வருவதை முந்நூற்று எண்பத்தொன்று என்று படித்தால், அது 4க்கு வெகுதூரம் தள்ளி இருக்கும் என்று தேடிப் போவீர்கள். மூன்று, எட்டு, ஒன்று என்று ஒவ்வொரு இலக்கமாகப் படியுங்கள். அவ்வளவுதான் விஷயம்.

அமெரிக்கா போகிறவர்கள் அங்கு லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் முறையைப் பார்ப்பீர்கள். எழுத்தில் தொடங்கும். க்யூஏ 76 என்றால் கணினி அறிவியல், டிகே என்றால் மின் பொறியியல், எச்எஃப் வணிகம், ஆர் மருத்துவம். இங்கே எழுத்தை ஒட்டி வரும் முதல் எண் முழு எண். அதனால் 76க்குப் பிறகுதான் 276. ஆனால் அடுத்து ஒரு புள்ளியும் இன்னோர் எழுத்தும் எண்ணும் வருமே, அது தசமம். குழப்பமாகத் தோன்றும். பத்துப் புத்தகம் தேடி எடுத்தால் கை பழகிவிடும்.

கல்லூரி நூலகம் சின்னது, எல்லாம் கண்ணெதிரே இருக்கிறது என்றால் ஒருநாள் கன்னிமாராவுக்குப் போய்வாருங்கள். விம்கோ நகரிலோ தண்டையார்பேட்டையிலோ மெட்ரோ ஏறி, சென்ட்ரலில் வண்டி மாறி எழும்பூரில் இறங்கினால், அருங்காட்சியக வளாகத்துக்குள் இருக்கிறது. 1896இல் திறந்த நூலகம். இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலிலும் ஒரு படி சட்டப்படி வந்து சேரவேண்டிய நான்கு நூலகங்களில் ஒன்று. பெரிய நூலகத்தில் எதைத் தேடுகிறோம், யாரிடம் கேட்கிறோம், எந்தப் பகுதிக்கு அனுப்புகிறார்கள் என்பதை உடம்பு பழகட்டும். வீட்டில் இடமில்லை, உட்கார்ந்து இணையத்தில் தேடிப் பார்க்க அமைதியான நாற்காலி வேண்டும் என்றால், 2024இல் கொளத்தூர் அகரத்தில் திறந்த முதல்வர் படைப்பகம் இருக்கிறது.

அரசுக் கல்லூரியில் படிப்பவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம் 2025 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ளது. முப்பது பதிப்பகங்களின் ஏறக்குறைய 13,000 ஆய்விதழ்களை மத்திய, மாநில அரசு உயர்கல்வி நிறுவனங்கள் இதன் வழியே படிக்கலாம். அங்கே போய்ப் பார்க்கப்போகும் அதே ஆய்விதழ்களில் பல இதில் வருகின்றன. உங்கள் கல்லூரி நூலகரிடம் லாகின் கேளுங்கள். முடிந்தால் ஆங்கிலத்திலேயே கேளுங்கள். அவர் சிரிப்பார், சிரிக்கட்டும்.

படி 2: அவர்கள் நூலகத் தளத்தை முன்கூட்டியே மேயுங்கள்

ஆஃபர் லெட்டர் வந்த அன்றே செய்யக்கூடிய வேலை. பல்கலைக்கழக நூலகங்களின் தேடுபக்கம் பொதுவாக எல்லோருக்கும் திறந்தே இருக்கும். கட்டுரைகளைப் படிக்கத்தான் மாணவர் கணக்கு வேண்டும். உங்கள் பாடத்தில் நான்கு நூல்களைத் தேடி, எந்த மாடி, எந்த அலமாரி என்று பாருங்கள். தள வரைபடத்தைப் போனில் சேமித்துக்கொள்ளுங்கள். அறிமுக வீடியோ இருந்தால் கீழே சப்டைட்டில் எழுத்துக்களை ஓடவிட்டு, வேகத்தை 0.75க்குக் குறைத்துக் கேளுங்கள். அந்த ஊர் உச்சரிப்பு காதில் ஏறுவதற்கு ஐஇஎல்டிஎஸ் ஒலிப்பதிவுகளைவிட இது நல்லது. நீங்கள் நாளைக்குக் கேட்கப்போகும் குரல்களே அவை.

படி 3: சொற்கள்

இதுதான் பெரிய படி, கொஞ்சம் பொறுமையாக வாருங்கள்.

காசிமேட்டில் விடியற்காலை மீன் ஏலத்துக்கு முதல் தடவை போகிறவருக்கு ஒன்றும் விளங்காது. பேசுவது தமிழ்தான், ஆனாலும் புரியாது. நாலு நாள் ஓரமாக நின்றால் தானாகப் பிடிபட்டுவிடும். நூலகச் சொற்களும் அப்படித்தான்; ஆங்கிலம் தெரியாததால் புரியாமல் போவதில்லை, அந்த இடத்துப் பேச்சு பழகாததால் புரியாமல் போகிறது.

நாம் புத்தகம் ‘இஷ்யூ’ வாங்குகிறோம். அமெரிக்காவில் ‘செக் அவுட்’, பிரிட்டனில் ‘பாரோ’ அல்லது ‘லோன்’. இரவல் கொடுக்கும் இடம் அமெரிக்காவில் ‘சர்க்குலேஷன் டெஸ்க்’. பிரிட்டனில் பெரும்பாலும் ‘ஹெல்ப் டெஸ்க்’, ‘என்கொயரி டெஸ்க்’. பல இடங்களில் ஆளே இல்லாமல் இயந்திரத்தில் நாமே பதிந்து எடுத்துக்கொள்ள வேண்டும்.

இப்போது அந்த வாட்ஸ்அப் கேள்விக்கு வருவோம். திரையில் ‘அவைலபிள்’ என்று காட்டுகிறது, அலமாரியில் இல்லை. முதலில் அதே வரியில் இடம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். ‘ஸ்டோர்’, ‘ஆஃப்சைட்’, ‘ரிமோட் ஸ்டோரேஜ்’ என்று இருந்தால் புத்தகம் வேறு கட்டடத்தில், சில நேரம் வேறு ஊரிலேயே இருக்கிறது. ‘ரெக்வெஸ்ட்’ பொத்தானை அழுத்தினால் ஓரிரு நாளில் வரவழைத்துத் தருவார்கள். ‘ஓவர்சைஸ்’ என்றால் பெரிய அளவுப் புத்தகங்களுக்கான தனி அலமாரி. எதுவும் போடவில்லை, அப்போதும் இல்லை என்றால், யாரோ எடுத்து மேசையில் வைத்திருக்கலாம், தவறான இடத்தில் செருகியிருக்கலாம். கவுன்ட்டரில் சொன்னால் அவர்களே தேடுவார்கள். நாமே மூன்று மாடி ஏறி இறங்க வேண்டியதில்லை.

‘ஆன் லோன்’, ‘செக்டு அவுட்’ என்றால் வேறொருவர் கையில் இருக்கிறது. திரும்பி வந்ததும் எனக்கு எடுத்து வையுங்கள் என்று சொல்வது அமெரிக்காவில் ‘ஹோல்ட்’, பிரிட்டனில் ‘ரிசர்வ்’. இங்கேதான் ஒரு பள்ளம். அமெரிக்காவில் ‘ரிசர்வ்’ என்றால் வேறு பொருள்: பேராசிரியர் தன் வகுப்புக்காகத் தனியே எடுத்து வைக்கச் சொன்ன நூல்கள், சில மணி நேரத்துக்கு மட்டும் கிடைப்பவை. பிரிட்டனில் அதற்கு ‘ஷார்ட் லோன்’ என்று பெயர். புதிதாகப் போகிறவர்கள் இதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். பாடநூல்களின் விலை அங்கே பகீர் என்று இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை இந்த அலமாரியிலோ மின்னூலாகவோ கிடைக்கும். வாங்குமுன் பார்த்துவிடுங்கள்.

‘ரீகால்’ என்று மின்னஞ்சல் வந்தால், உங்களிடம் உள்ள புத்தகத்தை வேறொருவர் கேட்கிறார், சீக்கிரம் திருப்பித் தரவேண்டும் என்று பொருள். இதை அலட்சியம் செய்யக்கூடாது. தாமதக் கட்டணத்தைக் கைவிட்ட பல்கலைக்கழகங்கள் இப்போது பல உண்டு, ஆனால் ரீகால் ஆன புத்தகத்துக்கும் தொலைந்த புத்தகத்துக்கும் பணம் கேட்கும் இடங்கள் இன்னும் உண்டு. ‘இன்டர்லைப்ரரி லோன்’ என்றால் உங்கள் நூலகத்தில் இல்லாததை இன்னொரு நூலகத்திலிருந்து வரவழைப்பது. இந்த ஒன்றை நம் பிள்ளைகள் பயன்படுத்துவதே இல்லை, எனக்கு அது பெரிய வருத்தம். பிரிட்டனில் ‘ஸ்கோனல் ஆக்சஸ்’ என்று ஓர் ஏற்பாடும் இருக்கிறது. பதிந்துகொண்டால் வேறு பல்கலைக்கழக நூலகங்களுக்கும் நேரில் போகலாம், படிப்பைப் பொறுத்து இரவலும் வாங்கலாம்.

‘ரெஃபரன்ஸ்’ என்ற ஒரே சொல் மூன்று வேலை செய்யும். வெளியே எடுத்துப் போகமுடியாத அகராதி, கலைக்களஞ்சிய வகை நூல் ஒன்று. கட்டுரைக் கடைசியில் நாம் எழுதும் மேற்கோள் விவரம் ஒன்று. வேலைக்குப் பேராசிரியர் தரும் பரிந்துரை இன்னொன்று. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்பதை ஒரு சொல் கூடுதலாகச் சேர்த்தே சொல்லுங்கள்.

நாம் இங்கிருந்து கொண்டுபோகும் ஆங்கிலத்திலும் சில அங்கே செல்லாது. ‘ஐ ஹேவ் எ டவுட்’ என்றால் ஏதோ சந்தேகப்படுகிறீர்கள் என்று நினைப்பார்கள். ‘கொஸ்சன்’ என்றே சொல்லுங்கள். ‘ஜெராக்ஸ்’ வேண்டாம், ‘காப்பி’ அல்லது ‘ஸ்கேன்’ போதும். ‘அரியர்’, ‘கைடு’, ‘பிட் நோட்டீஸ்’ எல்லாம் மெரினாவோடு நின்றுவிடும். நாம் ‘ப்ராஜெக்ட்’ என்று சொல்லும் முதுகலை ஆய்வேடு பிரிட்டனில் ‘டிஸர்டேஷன்’, அமெரிக்காவில் ‘தீஸிஸ்’. முனைவர் பட்டத்துக்கு அப்படியே தலைகீழ். பழைய மாணவர்களின் ஆய்வேடுகளைத் தேடும்போது இது தெரியாமல் வெறுங்கையோடு வருகிறவர்கள் உண்டு.

படி 4: உங்கள் பெயர் எந்தப் பெயர்?

நம்மூர்ப் பிள்ளைகளுக்கே உரிய சிக்கல் இது. பாஸ்போர்ட்டில் குடும்பப்பெயர் என்ற கட்டத்தில் பலருக்கு அப்பா பெயர் இருக்கும். நூலகத்தில் உங்களுக்காக எடுத்து வைத்த புத்தகங்கள் அந்தக் கடைசிப் பெயரின் வரிசையில் அடுக்கியிருக்கும். அதாவது கார்த்திக் முருகேசன் என்றால் ‘கே’ வரிசையில் தேடக்கூடாது, ‘எம்’ வரிசையில், அப்பா பெயரில் தேடவேண்டும். அந்தக் கட்டம் காலியாக இருந்தவர்களுக்கு அமெரிக்க விசாவில் முதல் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் ‘எஃப்என்யூ’ என்று வரும். முதல் பெயர் தெரியவில்லை என்பதன் சுருக்கம். நூலகக் கணக்கிலும் அதே ஏறிவிடலாம். அட்டை வாங்கும் அன்றே பெயர் எப்படிப் பதிவாகியிருக்கிறது என்று பார்த்து, அழைக்கும் பெயரைச் சேர்க்கச் சொல்லுங்கள்.

அழைப்பது என்றதும் இன்னொன்று. ‘சார்’, ‘மேடம்’ என்று வாய் தானாகச் சொல்லும். தவறில்லை, ஆனால் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் நூலகர்கள் பெயர் சொல்லி அழைப்பதையே விரும்புவார்கள். தலைமுடி நரைத்த அம்மையாரைப் பெயர் சொல்லிக் கூப்பிட மனசு வராது என்றால், பெயரே சொல்லாமல் ‘ஹலோ’வோடு தொடங்குங்கள், அது போதும்.

படி 5: கவுன்ட்டரில் இரண்டு நிமிடம்

கேள்வியை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். தமிழில் எழுதினாலும் சரி. எழுதும்போதே பாதிக் குழப்பம் தீரும். அப்புறம் அதை ஆங்கிலத்தில் இரண்டு வரியாக்கிப் போனில் வைத்துக்கொண்டு போங்கள். பேச்சு தடுமாறினால் திரையைக் காட்டலாம். புத்தகத் தேடல் என்றால் அந்தப் பக்கத்தையே திறந்து காட்டுங்கள். தலைப்பை உச்சரித்துப் புரியவைக்கும் வேலை மிச்சம். நூலகத்தில் திரையைக் காட்டிப் பேசுவது எல்லோரும் செய்வதுதான்.

மூன்று வாக்கியங்களை மனப்பாடம் செய்துவிடுங்கள். ‘ஐ ஃபவுண்ட் திஸ் ஆன்லைன், பட் ஐ கான்ட் ஃபைண்ட் இட் ஆன் தி ஷெல்ஃப்.’ ‘குட் யூ ஸே தட் அ லிட்டில் மோர் ஸ்லோலி, ப்ளீஸ்?’ ‘குட் யூ ரைட் தட் டவுன் ஃபார் மீ?’ மூன்றாவதுதான் கைகொடுக்கும். எழுதித் தரச் சொன்னால் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கேட்டதற்கு நூலகர் உடனே பதில் சொல்லமாட்டார். ‘எதற்காகத் தேடுகிறீர்கள், எந்த வகுப்புக்கு, எப்போது வேண்டும், இதுவரை எங்கே பார்த்தீர்கள்’ என்று திருப்பிக் கேட்பார். நம் பிள்ளைகள் இதைக் குறுக்கு விசாரணை என்று எடுத்துக்கொண்டு, ‘பரவாயில்லை, நானே பார்த்துக்கொள்கிறேன்’ என்று திரும்பிவிடுகிறார்கள். அது விசாரணை அல்ல. வாசகர் வாயில் வரும் முதல் கேள்வி அநேகமாக அவருக்கு வேண்டியதாக இருக்காது என்பது எங்கள் தொழிலில் பாடமாகவே உண்டு. ‘மீன்வளப் புத்தகம் எங்கே?’ என்று கேட்கிறவருக்கு வேண்டியது எண்ணூரில் மீன்பாடு குறைந்தது பற்றிய ஒரு கட்டுரையாக இருக்கும். அவர் கேட்கக் கேட்கச் சொல்லுங்கள்.

தலையை ஆட்டுவதில் கவனம். பக்கவாட்டில் நாம் ஆட்டும் ‘சரி’ அவர்களுக்கு ‘இல்லை’யாகப் படலாம். அதைவிட மோசம், புரியாமலே ஆட்டுவது. புரிந்ததை உங்கள் வார்த்தையில் திருப்பிச் சொல்லிப் பாருங்கள்: மூன்றாம் மாடி, இடப்பக்கம், 639, சரிதானே என்று.

தொந்தரவு செய்கிறோமோ என்ற கூச்சமும் வேண்டாம். எத்தனை கேள்விகள் வந்தன என்று கணக்கெழுதி மேலிடத்துக்குக் காட்டும் வழக்கம் பல நூலகங்களில் உண்டு. நீங்கள் கேட்பது அவர்கள் கணக்கில் வரவு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நூலகத்தின் கடமை என்று 1931இலேயே விதியாக எழுதி வைத்தவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரான சீர்காழிக்காரர் எஸ். ஆர். ரங்கநாதன். அங்கே கவுன்ட்டருக்குப் பின்னால் நிற்பவர் நூலகப் படிப்பு படித்தவர் என்றால் பெரும்பாலும் அவர் பெயரைக் கேள்விப்பட்டிருப்பார்.

நேரில் பேசவே முடியவில்லை என்றால் நூலகத் தளத்தில் அரட்டைப் பெட்டி இருக்கும். எழுத்தில் கேட்டு எழுத்தில் பதில் வாங்கலாம், நிதானமாக அகராதி பார்க்கலாம், உரையாடலைச் சேமிக்கலாம். முதல் மாதம் இதிலேயே ஓட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

படி 6: உங்கள் துறைக்கென்று ஒரு நூலகர்

பல பல்கலைக்கழகங்களில் ஒவ்வொரு துறைக்கும் ஒரு நூலகர் உண்டு. ‘சப்ஜெக்ட் லைப்ரரியன்’, ‘லியேஸான் லைப்ரரியன்’ என்று தளத்தில் படத்தோடு போட்டிருப்பார்கள். அரை மணி நேரம் தனியாக உட்கார்ந்து தேடக் கற்றுத்தருவார். கட்டணம் கிடையாது. நம் கல்லூரிகளில் இப்படி ஒரு வழக்கம் இல்லாததால் இது இருப்பதே யாருக்கும் தெரிவதில்லை. முதல் பருவத்திலேயே ஒருமுறை போய்விடுங்கள், தலைப்பு முடிவாகாமல் இருந்தாலும்.

படி 7: தேடுசொல்

எண்ணூர்க் கழிமுகத்தில் அனல்மின் நிலையச் சாம்பலால் மீனவர் வாழ்வாதாரம் கெட்டதைப் பற்றி எழுதப்போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நம்மூர் விஷயம், தலைப்பும் நல்ல தலைப்பு. தேடுபெட்டியில் முழு வாக்கியத்தையும் ஆங்கிலத்தில் தட்டினால் சம்பந்தமில்லாமல் ஆயிரக்கணக்கில் வரும்.

முதலில் தமிழில் மூன்று துண்டாக உடையுங்கள்: கழிமுகம், சாம்பல், மீனவர். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆங்கிலத்தில் தெரிந்த எல்லாச் சொல்லையும் எழுதுங்கள். கழிமுகத்துக்கு நாம் ‘எண்ணூர் க்ரீக்’ என்று பழகியிருக்கிறோம். ஆனால் அமெரிக்க ஆங்கிலத்தில் ‘க்ரீக்’ என்றால் சின்ன ஓடை. அந்தச் சொல்லை மட்டும் நம்பினால் எங்கெங்கோ உள்ள ஓடைகளைப் படித்துக்கொண்டிருப்பீர்கள். ‘எஸ்சுவரி’, ‘பேக்வாட்டர்’, ‘கோஸ்டல் வெட்லேண்ட்’ என்பவற்றையும் சேருங்கள். சாம்பலுக்கு ‘ஃப்ளை ஆஷ்’, ‘கோல் ஆஷ்’. மீனவர் என்பதற்கு ‘ஃபிஷர்மென்’ போதாது. ஆய்வாளர்கள் ‘ஃபிஷர்ஸ்’, ‘ஸ்மால் ஸ்கேல் ஃபிஷரீஸ்’, ‘ஆர்ட்டிசனல் ஃபிஷரீஸ்’ என்று எழுதுகிறார்கள்.

ஒரே பொருள் தரும் சொற்களுக்கு நடுவே ‘ஆர்’, வெவ்வேறு துண்டுகளுக்கு நடுவே ‘ஆண்ட்’. இரண்டையும் பெரிய எழுத்தில் தட்டுங்கள். சேர்ந்தே வரவேண்டிய சொற்களுக்கு இரட்டை மேற்கோள் குறி. சொல்லின் கடைசியில் நட்சத்திரக் குறி போட்டால் பன்மையும் பிற வடிவங்களும் சேர்ந்து வரும். ‘லேபர்’ போன்ற சொற்களுக்கு பிரிட்டிஷ் எழுத்துக்கூட்டல் ஒன்று, அமெரிக்க எழுத்துக்கூட்டல் ஒன்று, இரண்டையும் போடுங்கள்.

இத்தனைக்குப் பிறகு பொருத்தமான ஒரே ஒரு கட்டுரை கிடைத்தால் போதும். அதன் சுருக்கத்துக்குக் கீழே குறிச்சொற்கள் கொடுத்திருப்பார்கள். அவைதான் அந்தத் துறையினர் பேசும் சொற்கள். எடுத்துத் திரும்பத் தேடுங்கள். ஆங்கிலம் சரளமாக வராதவர்களுக்கு இதைவிட நல்ல அகராதி நான் பார்த்ததில்லை.

வீட்டிலிருந்து தேடும்போது கூகுள் ஸ்காலர் அமைப்புகளில் ‘லைப்ரரி லிங்க்ஸ்’ என்ற இடத்தில் உங்கள் பல்கலைக்கழகத்தைச் சேர்த்துவிட்டால், நூலகம் பணம் கட்டியிருக்கும் கட்டுரைகளுக்குப் பக்கத்திலேயே இணைப்பு தெரியும். இது தெரியாமல் ஒரு கட்டுரைக்கு நாற்பது டாலர் கட்டப் போனவர்களைத் தடுத்து நிறுத்தியிருக்கிறேன்.

படி 8: படிப்பதும் மொழிபெயர்ப்பதும்

ஆய்வுக் கட்டுரையை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படிக்கவேண்டும் என்று யாரும் கட்டாயப்படுத்தவில்லை. சுருக்கம், அப்புறம் முடிவுரை, அப்புறம் அட்டவணைகளும் படங்களும். உபயோகம் உண்டு என்று தோன்றினால் மட்டும் உள்ளே போங்கள்.

கூகுள் மொழிபெயர்ப்பில் முழுக் கட்டுரையையும் போட்டுத் தமிழில் படிப்பது பலர் கையாளும் வழி. சுருக்கத்துக்கு மட்டும் செய்தால் பாதகமில்லை. முழுவதற்கும் செய்தால் கலைச்சொற்கள் சிதைந்துவிடும். நாளைக்கு ஆங்கிலத்தில் எழுதும்போது அந்தச் சொற்கள் கையில் இருக்காது. ஓரக்குறிப்பைத் தமிழில் எழுதுங்கள், கலைச்சொல்லை ஆங்கிலத்திலேயே வையுங்கள். நம் மருத்துவக் கல்லூரி மாணவர்கள் காலங்காலமாக அப்படித்தான் படிக்கிறார்கள்.

குறிப்பு எடுக்கும்போதே எந்தக் கட்டுரை, எந்தப் பக்கம் என்று எழுதிவிடுங்கள். ‘ஸொட்டேரோ’ என்ற இலவச மென்பொருள் இந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். நூலகத்தில் அதற்குப் பயிற்சி வகுப்பும் நடக்கும். மேற்கோள் விஷயத்தில் அங்கே கறார். ஒருவர் எழுதியதைத் தமிழுக்கு மாற்றி, மறுபடி ஆங்கிலத்துக்கு மாற்றினாலும் அது அவர் எழுதியதுதான், பெயர் சொல்லவேண்டும். ‘டர்னிட்டின்’ என்பது நம் கட்டுரையைப் பிறர் எழுதியவற்றோடு ஒப்பிடும் மென்பொருள்; அது காட்டும் விழுக்காடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்பதை மட்டும் சொல்லும். மேற்கோள் குறியும் மூலமும் சரியாக இருந்தால் அந்த எண்ணைப் பார்த்துத் தூக்கம் கெடவேண்டாம். கட்டுரையின் ஆங்கிலம் தடுமாறினால் எழுத்து மையம் என்று தனியே ஒன்று இருக்கும், பெரும்பாலும் நூலகக் கட்டடத்திலேயே.

ஜெர்மனி போகிறவர்களுக்கு

வகுப்பு ஆங்கிலத்தில் நடந்தாலும் நூலகத்தில் பலகைகள் ஜெர்மனில் இருக்கலாம். ‘ஆவுஸ்லைஹ’ என்றால் இரவல் பகுதி. ‘மகட்சீன்’ என்றால் வார இதழ் அல்ல. நாமே போய் எடுக்கமுடியாத கிடங்கு, கேட்டு வரவழைக்க வேண்டும். ‘பிரெசென்ஸ்பெஷ்டாண்ட்’ என்று ஒட்டியிருந்தால் அங்கேயே படிக்கத்தான். ‘ஃபெர்ன்லைஹ’ வேறு நூலகத்திலிருந்து வரவழைப்பது. ‘மானுங்’ என்று கடிதம் வந்தால் திருப்பித் தரும் நாள் தாண்டிவிட்டது, கட்டணம் உண்டு. பல நூலகங்களில் பையையும் கோட்டையும் உள்ளே விடமாட்டார்கள். வாசலில் உள்ள பூட்டுப்பெட்டியில் வைக்கவேண்டும். ஒன்று அல்லது இரண்டு யூரோ நாணயம் கேட்கும் பெட்டிகள் நிறைய, திறக்கும்போது நாணயம் திரும்ப வந்துவிடும். ஆகவே சட்டைப்பையில் ஒரு நாணயம் எப்போதும் இருக்கட்டும். அங்கே பெயர் சொல்லி அழைக்கும் வழக்கமும் உடனே செல்லாது. மின்னஞ்சலில் குடும்பப்பெயருக்கு முன் ‘ஹெர்’ அல்லது ‘ஃப்ராவ்’ சேர்த்து எழுதுங்கள்.

தமிழ்ப் புத்தகம் தேடினால்

மொழி தெரியாத ஊரில் ஒரு தமிழ்ப் புத்தகம் கையில் இருந்தால் என்ன சுகம் என்பது போனவர்களுக்குத் தெரியும். பெரிய பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் நல்ல தமிழ்த் தொகுப்புகள் உண்டு. ஆனால் நாம் போனில் தட்டும் ஆங்கில எழுத்துக்கூட்டலில் தேடினால் கிடைக்காது. நூலகங்கள் தமிழை ரோமன் எழுத்தில் பதியும் முறையில் ‘ச’வுக்கு ‘எஸ்’ வராது, ‘சி’தான். சங்கம் என்ற சொல்லை ‘எஸ்’ போட்டுத் தேடாமல் ‘சி’ போட்டு, ‘க’வுக்கு ‘ஜி’ போடாமல் ‘கே’ போட்டுத் தேடுங்கள். ‘ழ’வுக்கு அடிக்கோடிட்ட ‘எல்’. கோடில்லாமல் தட்டினாலும் பெரும்பாலும் ஏற்றுக்கொள்ளும். நேராக அலமாரிக்குப் போக விரும்பினால், ட்யூயி முறை உள்ள இடத்தில் தமிழ் இலக்கியம் 894.811.

கிளம்பும்போது

படிப்பு முடிந்த கொஞ்ச நாளில் மாணவர் கணக்கு மூடப்படும், கட்டுரைகளும் கூடவே மூடிக்கொள்ளும். வேண்டிய கட்டுரைகளை முன்பே தரவிறக்கி, ஸொட்டேரோவைப் பல்கலைக்கழக மின்னஞ்சலில் தொடங்கியிருந்தால் சொந்த மின்னஞ்சலுக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கையில் உள்ள புத்தகங்களைத் திருப்பிக் கொடுத்து, கணக்கில் பாக்கி எதுவும் இல்லை என்பதைத் திரைப்பிடிப்பாக எடுத்து வையுங்கள். பழைய மாணவர்களுக்கு நூலகத்தில் என்ன சலுகை என்று கவுன்ட்டரில் கேளுங்கள். சில ஆய்விதழ்களைத் தொடர்ந்து படிக்க அனுமதிக்கும் பல்கலைக்கழகங்கள் உண்டு.